பனிமண்ணில் ஒரு மரபணு

எல்லையோர ஊர்களில் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் பெரும்பாலோர் இரண்டு மொழிகளில் பேச வல்லவர்கள். வீட்டில் பேசும் தமிழ் தாய்தந்தையரிடமிருந்து வந்தது; அவர்களுக்கு அவர்தம் பெற்றோரிடமிருந்து வந்தது. மலையாளமோ அவ்வாறு வந்ததன்று. கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியிலும், மூணாற்றுப் பேருந்து நிலையத்திலும், பள்ளி விளையாட்டுத் திடலிலும் உடன் பழகியவர்களிடம் கேட்டுக் கேட்டுக் கற்றது. ஒன்று தலைமுறை வழியாக மேலிருந்து கீழே இறங்குகிறது. மற்றொன்று அண்டை அயலாரிடமிருந்து பக்கவாட்டில் வந்து சேர்கிறது.

உயிர்களின் பண்புகளைத் தீர்மானிப்பவை மரபணுக்கள். அவை முதல் வழியில் மட்டுமே செல்லும் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. நம் கண்ணுக்குத் தெரியும் விலங்குகளைப் பார்த்தால் அவ்வாறுதான் தோன்றும். இரவிகுளத்து வரையாட்டுக் குட்டி தன் மரபணுக்களைத் தாய் ஆட்டிடமிருந்தும் தந்தை ஆட்டிடமிருந்தும் பெறுகிறது. பக்கத்துச் சரிவில் மேயும் காட்டெருமையிடமிருந்து ஒரு மரபணுவையும் கடன் வாங்குவதில்லை.

பாக்டீரியாக்களின் உலகில் நிலை வேறு. அங்கே தாய்ச்செல் இரண்டாகப் பிளந்து மரபணுக்களைச் சேய்ச்செல்லுக்குக் கொடுப்பதோடு, அருகில் இருக்கும் மற்றொரு பாக்டீரியாவுக்கும் கொடுக்கும். பெற்றுக்கொள்வது அதே இனமாக இருக்க வேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை. இதனைக் கிடைமட்ட மரபணுப் பரிமாற்றம் என்பர். நம் நாட்டு மருத்துவமனைகளோடு தொடர்புபடுத்திப் பேசப்பட்ட ஒரு மரபணு, வடதுருவத்தை அடுத்த தீவொன்றின் பனிமண்ணில் காணப்பட்டது. அந்தச் செய்தி விளங்க வேண்டுமானால் இந்தப் பரிமாற்றத்தை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

இறந்த கிருமி கொடுத்த கொடை

1928ஆம் ஆண்டு. இலண்டனில் பிரெடெரிக் கிரிஃபித் என்னும் ஆய்வாளர் நிமோனியாக் காய்ச்சலை உண்டாக்கும் பாக்டீரியாவை ஆராய்ந்து கொண்டிருந்தார். அதில் இரண்டு வகைகள் இருந்தன. ஒன்று வழவழப்பான உறை போர்த்தியது. எலியின் உடலில் செலுத்தினால் எலி இறந்துவிடும். மற்றொன்று உறையில்லாதது, எலிக்குத் தீங்கு செய்யாது. உறையுள்ள வகையை வெப்பத்தால் கொன்று செலுத்தினால், அப்போதும் எலிக்கு ஒன்றும் நேர்வதில்லை. பிறகு கிரிஃபித், வெப்பத்தால் இறந்த உறையுள்ள பாக்டீரியாக்களையும் உயிருள்ள உறையில்லாத பாக்டீரியாக்களையும் ஒன்றாகக் கலந்து செலுத்தினார். தனித்தனியே தீங்கற்றவையாக இருந்த இரண்டும் சேர்ந்தபோது எலிகள் இறந்தன. இறந்த எலியின் குருதியில் உறையுள்ள பாக்டீரியாக்கள் உயிருடன் இருந்தன!

செத்தவை பிழைத்தெழவில்லை. செத்த செல்களிலிருந்து சிதறிய ஏதோ ஒரு பொருளை உயிருள்ளவை எடுத்துக்கொண்டு, உறை செய்யும் திறனைப் பெற்றுவிட்டன. அந்தப் பொருள் டி.என்.ஏ. என்பதை 1944இல் நியூயார்க் நகரில் ஆஸ்வால்டு ஏவரி, காலின் மெக்லியோடு, மெக்லின் மெக்கார்ட்டி ஆகிய மூவரும் மெய்ப்பித்தனர். சிதறிக்கிடக்கும் டி.என்.ஏ.யைப் பாக்டீரியா உள்ளே எடுத்துக்கொள்ளும் இந்நிகழ்ச்சிக்கு இயல்பு மாற்றம் என்று பெயர்.

உயிருள்ள இரண்டு பாக்டீரியாக்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு டி.என்.ஏ.யை வழங்குவதும் உண்டு. இதனை 1946இல் அமெரிக்காவில் ஜோஷுவா லெடர்பர்க், எட்வர்டு டேட்டம் ஆகியோர் கண்டறிந்தனர். லெடர்பர்க்குக்கு அப்போது வயது 21. இணைவு எனப்படும் இம்முறையில், கொடுக்கும் பாக்டீரியா மெல்லிய இழை ஒன்றை நீட்டி மற்றதைத் தன்னருகே இழுத்துக்கொள்கிறது. பெரும்பாலும் கைமாறுவது பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையம். பாக்டீரியாவின் முதன்மை டி.என்.ஏ.யைப் பூர்விகச் சொத்து என்று கொண்டால், பிளாஸ்மிட்டை இடுப்பில் செருகிய சுருக்குப்பை எனலாம். அந்த வளையம் இரண்டு இழைகளால் ஆனது. ஓர் இழை அவிழ்ந்து அடுத்த செல்லுக்குள் செல்கிறது. இரு செல்களிலும் உள்ள ஒற்றை இழைக்குத் துணையிழை புதிதாக உருவாகிறது. ஆகவே கொடுத்தது எதையும் இழப்பதில்லை. பெற்றது முழுமையாகப் பெறுகிறது. கார்த்திகை நாளில் ஓர் அகல் விளக்கிலிருந்து இன்னோர் அகலை ஏற்றினால் முதல் விளக்கின் சுடர் குறைவதுண்டோ? ஏற்றப்பட்ட விளக்கைக் கொண்டு மேலும் பல விளக்குகளை ஏற்றவும் இயலும் அன்றோ?

மூன்றாவது வழி வைரஸ்களால் நிகழ்வது. பாக்டீரியாக்களைத் தாக்கும் வைரஸ்கள் சில வேளைகளில் ஒரு பாக்டீரியாவின் டி.என்.ஏ. துண்டைச் சுமந்து சென்று மற்றொன்றில் சேர்த்துவிடும். 1952இல் அறியப்பட்ட இதற்கு மரபணு ஊடுகடத்தல் என்று பெயர்.

இவை ஆய்வுக்கூடத்து வேடிக்கைகள் அல்ல என்பதை ஜப்பான் நாடு தெளிவாக உணர்ந்தது. 1950களில் அங்கே சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா பாக்டீரியா, நான்கு வெவ்வேறு மருந்துகளுக்கு ஒருசேர அடங்காததாக மாறியிருந்தது. நான்கு எதிர்ப்புத் திறன்களும் தனித்தனியே ஒரே கிருமியில் தோன்றுவது மிக அரிது. ஷிகெல்லாவுக்கும், குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவுக்கும் இடையே இத்திறன்கள் ஒரே மூட்டையாகக் கைமாறுகின்றன என்பதை 1959இல் அந்நாட்டு ஆய்வாளர்கள் காட்டினர். பெரும்பாலும் தீங்கின்றி நம்முடன் வாழும் பாக்டீரியா, நோய்க்கிருமிக்குக் கேடயம் வழங்கக்கூடும் என்பது அன்று பலருக்கும் வியப்பாகவே இருந்தது.

குளிர்மண்ணின் குடிகள்

மார்கழி, தை மாத விடியற்காலையில் மூணாற்றுப் புல்வெளிகள் உறைபனியால் வெளுத்துக் கிடப்பதை இடுக்கி மாவட்ட மாணவர்கள் கண்டிருப்பர். வெயில் ஏறியதும் அந்தப் பனி உருகிவிடும். ஆர்க்டிக் மண் அவ்வாறன்று. கோடையில் மேல்மண் மட்டும் இளகும்; அதன் அடியில் ஆண்டு முழுவதும் உருகாத உறைநிலம் கிடக்கும்.

அங்கும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. எவ்வாறு என்பதை அறிய நம் சமையலறைக்குள் சென்றாலே போதும். மலைக்குளிரில் தேங்காயெண்ணெய் புட்டிக்குள் உறைந்துவிடுகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை. இரண்டிலும் உள்ள கொழுப்பின் வகை வேறு. ஒவ்வொரு பாக்டீரியாவையும் சூழ்ந்துள்ள மெல்லிய சவ்வும் பெரிதும் கொழுப்பால் ஆனதே. அது தேங்காயெண்ணெயைப் போல் இறுகிவிட்டால் உணவு உள்ளே வராது. கழிவு வெளியே செல்லாது. குளிரில் வாழும் பாக்டீரியாக்கள் எளிதில் உறையாத கொழுப்புகளைத் தம் சவ்வில் மிகுதியாகச் சேர்த்துக்கொள்கின்றன. அண்டார்க்டிகாவில் இந்தியாவின் மைத்ரி ஆய்வு நிலையம் ஷிர்மாக்கர் என்னும் பகுதியில் உள்ளது. அப்பகுதி மண்ணிலிருந்து ஐதராபாத்தைச் சேர்ந்த எஸ். சிவாஜியும் அவர்தம் குழுவினரும் குளிரில் வாழும் ஒரு புதிய பாக்டீரிய இனத்தை 1992இல் உலகிற்கு அறிவித்தனர். அதன் பெயரிலேயே அண்டார்க்டிகா இடம்பெற்றுள்ளது.

குளிரில் எல்லாம் மெதுவாகவே நடக்கும். செல் பிளவுபடுவது மெதுவாகும். பிளாஸ்மிட் கைமாறுவதும் மெதுவாகும். எனினும் குளிர்மண்ணுக்கு வேறொரு தன்மை உண்டு. மண் உறைவதும் இளகுவதுமாக மாறிக்கொண்டே இருக்கும்போது பல செல்கள் உடைந்து அவற்றின் டி.என்.ஏ. வெளியே சிந்துகிறது. வெப்பமான மண்ணில் அது விரைவில் சிதைந்துபோகும். குளிர்மண்ணில் மண்துகள்களோடு ஒட்டிக்கொண்டு நெடுநாள் கெடாமல் கிடக்கும். இறந்த கிருமி கொடுத்த கொடையை இங்கே நினைவுகூர்க.

மருந்தை எதிர்க்கும் மரபணுக்கள் மனிதன் மருந்து செய்யத் தொடங்கிய பின்னரே தோன்றின என்று எண்ணிவிடலாகாது. கோடையில் முதல் மழை பெய்ததும் எழும் மண்வாசனை நமக்கெல்லாம் பிடித்தது. அந்த வாசனைக்குப் பெருங்காரணம் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் மண் பாக்டீரியாக்கள். காசநோய்க்கு மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் கண்டறியப்பட்டதும் இவற்றிலிருந்துதான். மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் இத்தகைய நஞ்சுகளை எண்ணற்ற ஆண்டுகளாகச் செய்து வருகின்றன. நஞ்சு இருக்கும் இடத்தில் அதைத் தாங்கும் திறனும் இருந்தே தீரும். கனடாவின் யூகான் பகுதியில் 30,000 ஆண்டுகள் பழமையான உறைநிலத்தைத் துளைத்து எடுத்த ஆய்வாளர்கள், பெனிசிலின் வகை மருந்துகளையும் டெட்ராசைக்ளினையும் எதிர்க்கும் மரபணுக்கள் அதில் இருப்பதை 2011இல் வெளியிட்டனர். பென்சிலின் மாத்திரை எதுவும் இல்லாத காலத்து மண் அது.

ஆகவே பனிமண்ணில் எதிர்ப்பு மரபணு இருப்பது தன்னளவில் வியப்பன்று. எந்த மரபணு இருக்கிறது என்பதே கேள்வி.

பெயரில் டெல்லி

2008ஆம் ஆண்டு ஸ்வீடன் நாட்டில் ஒரு நோயாளியின் உடலில் இருந்த பாக்டீரியாவுக்கு எந்த மருந்தும் எளிதில் பலிக்கவில்லை. அவர் அதற்கு முன் புதுடெல்லியில் மருத்துவமனையில் இருந்தவர். அந்தப் பாக்டீரியாவில் ஒரு புதிய மரபணு இருப்பது தெரிந்தது. அதற்கு என்.டி.எம்.-1 என்று பெயரிட்டனர். முதலிரண்டு எழுத்துகள் நியூ டெல்லியைக் குறிப்பவை.

அந்த மரபணு என்ன செய்கிறது? பெனிசிலின் குடும்பத்து மருந்துகளின் மூலக்கூறில் நான்கு அணுக்களாலான சிறு வளையம் ஒன்று உண்டு. பாக்டீரியா தன் சுவரைக் கட்டவிடாமல் தடுப்பது அந்த வளையமே. என்.டி.எம்.-1 மரபணு உருவாக்கும் நொதி, துத்தநாக அணுக்களின் துணையோடு அவ்வளையத்தை அறுத்துவிடுகிறது. மற்ற மருந்துகள் பயன்தராதபோது மருத்துவமனையில் கொடுக்கப்படும் கார்பாபெனம் வகை மருந்துகளையும் அது விட்டுவைப்பதில்லை. அம்மருந்துகளும் தோற்றால், சிசுவுக்கு வரும் குருதித் தொற்றையும் அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் தொற்றையும் குணப்படுத்த மிகச் சில மருந்துகளே எஞ்சும்.

2010இல் இதுபற்றிய விரிவான ஆய்வொன்று வெளிவந்தது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. என்.டி.எம்.-1 கொண்ட பாக்டீரியாக்கள் சென்னையில் 44, அரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பிற இடங்களில் 73 என அவ்வாய்வு கணக்கிட்டது. ஒரு நகரின் பெயரைக் கிருமியின் பண்புக்குச் சூட்டியது முறையன்று என்று நம் நாட்டில் பலர் வருந்தினர். அவ்வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆனால் பெயரைப் பற்றிய பூசலில், அந்த ஆய்வு சொன்ன முதன்மையான செய்தி சற்றே மறைந்துபோயிற்று. அம்மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட்டில் இருந்தது. அதாவது, அது எப்போது வேண்டுமானாலும் கைமாறக்கூடிய சுருக்குப்பைக்குள் இருந்தது.

2010ஆம் ஆண்டின் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் டெல்லியின் தெருக்களில் தேங்கிய நீர் 171 இடங்களிலும், குழாய்நீர் 50 இடங்களிலும் சேகரிக்கப்பட்டன. தேங்கிய நீரில் 51 மாதிரிகளிலும், குழாய்நீரில் 2 மாதிரிகளிலும் அம்மரபணு இருந்தது. காலரா, சீதபேதி ஆகியவற்றை உண்டாக்கும் பாக்டீரியா வகைகளுக்கும் அது சென்றிருந்தது. இன்னொன்றும் தெரிந்தது. அப்பிளாஸ்மிட்டுகள் 25 டிகிரி வெப்பத்தையும் உடல் வெப்பமாகிய 37 டிகிரியையும் விட, 30 டிகிரியில் மிகுதியாகக் கைமாறின. 30 டிகிரி என்பது பாலக்காட்டுச் சமவெளியில் நாம் நாள்தோறும் காணும் வெப்பம். அங்குள்ள சாக்கடையும் வாய்க்காலும் பாக்டீரியாக்களுக்கு நல்ல சந்தைகள் எனலாம்.

கோங்ஸ்ஃபியோர்டன் மண்

சந்தை வெப்பமான இடத்தில் இருக்க, சரக்கு மட்டும் பனிமண்ணுக்குச் சென்றது எவ்வாறு?

நார்வேக்கு வடக்கே, துருவத்திலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது ஸ்வால்பார்டு தீவுக்கூட்டம். அங்கே கோங்ஸ்ஃபியோர்டன் என்னும் நீண்ட கடற்கழியின் கரையில் நி-ஆலசுண்டு என்னும் ஆய்வுக் குடியிருப்பு இருக்கிறது. இந்தியாவின் ஆர்க்டிக் ஆய்வு நிலையமான ஹிமாத்ரியும் 2008 முதல் அங்கேதான் இயங்குகிறது. 2013இல் அக்கழியை ஒட்டிய எட்டு இடங்களில் 40 மண் மாதிரிகள் எடுக்கப்பட்டன. பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் கிரகாம், கிளேர் மெக்கேன் முதலியோர் அம்மண்ணில் இருந்த டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தனர். 2019இல் முடிவு வெளியாயிற்று. மருந்து எதிர்ப்போடு தொடர்புடைய 131 மரபணுக்கள் அங்கே இருந்தன. அவற்றில் என்.டி.எம்.-1 மரபணுவும் ஒன்று. பாதிக்கும் மேற்பட்ட மாதிரிகளில் அது காணப்பட்டது. டெல்லி நீரில் அது கண்டறியப்பட்டு மூன்று ஆண்டுகள்கூட நிறைவடையாத காலத்தில் எடுக்கப்பட்ட மண் அது.

அது வந்த வழியாக ஆய்வாளர்கள் சுட்டுவது பறவைகள், விலங்குகள், மனிதர்கள் ஆகியோரின் கழிவையே. ஸ்வால்பார்டில் கோடையில் குஞ்சு பொரிக்கும் ஒருவகை வாத்துகள் குளிர்காலத்தை ஸ்காட்லாந்துக் கரையோரத்தில் கழிக்கின்றன. பயணிகளும் ஆய்வாளர்களும் பல நாடுகளிலிருந்து வருகின்றனர். ஒரே பாக்டீரியா டெல்லியிலிருந்து ஸ்வால்பார்டுக்குப் போகத் தேவையில்லை. ஒரு குடலில் ஒரு பாக்டீரியாவிடமிருந்து மற்றொன்றுக்கு, ஒரு கழனியில் அதனிடமிருந்து வேறொன்றுக்கு என, அஞ்சலோட்டத்தில் கோல் கைமாறுவதுபோல் மரபணு பயணம் செய்யலாம். ஓடுபவர் மாறுவர், கோல் ஒன்றே. வாளையாற்றுச் சோதனைச்சாவடியில் லாரியை நிறுத்தலாம். வானில் செல்லும் வாத்தை யார் நிறுத்துவது?

ஓர் எச்சரிக்கை இங்கே தேவை. மண்ணில் மரபணு கண்டறியப்பட்டது என்றால் அங்கே நோய் பரவுகிறது என்று பொருளன்று. அந்த ஆய்வு கண்டது டி.என்.ஏ.யை, நோயாளிகளை அன்று. மனித நடமாட்டம் மிகக் குறைந்த இடத்திலும் அது சென்று சேர்ந்துவிட்டது என்பதே நாம் அறிய வேண்டியது.

அஞ்சலோட்டம் தொடங்கும் இடம் ஊர்களில், வீடுகளில் இருக்கிறது. ஒருவர் ஆன்டிபயாடிக் மாத்திரையை உண்ணும்போது, அது நோய்க்கிருமியை மட்டும் தேடிக் கொல்வதில்லை. குடலில் வாழும் எண்ணற்ற பாக்டீரியாக்களில் மருந்துக்கு அடங்குபவை இறக்க, எதிர்க்கும் திறனுள்ளவை இடம் பிடித்துப் பெருகுகின்றன. அவை கழிவோடு வெளியேறி வாய்க்காலையும் வயலையும் அடைகின்றன. சளி, சாதாரண காய்ச்சல் முதலியவை பெரும்பாலும் வைரஸ்களால் வருபவை. ஆன்டிபயாடிக் அவற்றை ஒன்றும் செய்யாது. ஆனால் குடலில் மேற்சொன்ன தேர்வு மட்டும் நடந்தேறிவிடும். இந்தக் காரணத்தால்தான் மருத்துவர் சீட்டின்றி இம்மருந்துகளை விற்பது தடுக்கப்பட்டுள்ளது. கேரள அரசு இதற்கெனத் தனிச் செயல்திட்டத்தை 2018இல் தொடங்கியது. சீட்டில்லா விற்பனையைக் கண்டறியும் ‘ஆபரேஷன் அம்ரித்’ சோதனைகள் 2024 ஜனவரியில் தொடங்கின. கார்பாபெனமும் தோற்றபின் எஞ்சும் சில மருந்துகளில் ஒன்று கோலிஸ்டின். அதனைக் கோழி முதலிய உணவு விலங்குகளுக்குக் கொடுப்பதை இந்திய அரசு 2019இல் தடைசெய்தது.

மீண்டும் பனிமண்ணுக்கு வருவோம். பிளாஸ்மிட்டைச் சுமப்பது பாக்டீரியாவுக்குச் செலவு. அதைப் படியெடுக்க உணவும் ஆற்றலும் தேவை. மருந்து இல்லாத இடத்தில் அச்சுமை வீண் என்பதால், சில தலைமுறைகளில் அதைக் கைவிட்டவை முந்திக்கொள்வதை ஆய்வுக்கூடங்களில் காணலாம். சில பாக்டீரியாக்களோ சுமை உறுத்தாதவாறு தம்மை மாற்றிக்கொண்டு அதை வைத்துக்கொள்கின்றன. கோங்ஸ்ஃபியோர்டன் கரையில் மருந்துக்கடை இல்லை. அங்கே அம்மரபணு ஆண்டுதோறும் வாத்துகளின் எச்சத்தோடு புதிதாக வந்து விழுகிறதா, அல்லது அந்த மண்ணின் குடிகளிடையே கைமாறிக் கைமாறி வாழ்கிறதா என்பதை, அதே எட்டு இடங்களில் மீண்டும் மண்ணெடுத்துப் பார்த்துத்தான் சொல்ல இயலும்.

பயிற்சி

1. கிரிஃபித்தின் எலிச் சோதனையை நான்கு படிகளாகப் பிரித்து உங்கள் சொந்த நடையில் எழுதுக.
2. ‘கொடுத்தது எதையும் இழப்பதில்லை, பெற்றது முழுமையாகப் பெறுகிறது.’ இணைவு நிகழும் முறையைக் கொண்டு இதனை விளக்குக.
3. யூகான் உறைநிலத்தில் காணப்பட்ட மரபணுக்களுக்கும் ஸ்வால்பார்டு மண்ணில் காணப்பட்ட என்.டி.எம்.-1 மரபணுவுக்கும் உள்ள வேறுபாடு யாது?
4. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஆன்டிபயாடிக் மருந்தை எவ்வாறு வாங்குகின்றனர், மீந்த மாத்திரைகளை என்ன செய்கின்றனர் எனக் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.
5. நீங்கள் பெற்றோரிடமிருந்து கற்ற ஐந்து தமிழ்ச் சொற்களையும், அயலாரிடமிருந்து கற்ற ஐந்து மலையாளச் சொற்களையும் பட்டியலிடுக.